பாலியேட்டிவ்: போர்த்துவதா, தணிப்பதா?

லத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் ஆடை. அதிலிருந்து வந்ததுதான் பாலியேட்டிவ். கடும் நோயில் இருப்பவரின் துன்பத்தைக் குறைக்கும் பராமரிப்பைத்தான் ஆங்கிலத்தில் ‘பாலியேட்டிவ் கேர்’ என்கிறார்கள். நோயின் வேரைத் தொடாமல் துன்பத்தைப் போர்த்தி மூடுவது என்பதால், இந்தச் சொல்லில் கொஞ்சம் இளப்பமும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1970களில் கனடாவின் மாண்ட்ரியலில் பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தம் மருத்துவமனைப் பிரிவுக்கு இதையே பெயராக வைத்தார். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிஸ்’ என்று பெயர்; ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் அங்குள்ள பிரெஞ்சு பேசுபவர்களுக்கு ஆதரவற்றோர் விடுதிதான் நினைவுக்கு வந்ததாம்.

தமிழில் ‘வலி நிவாரண சிகிச்சை’ என்கிறோம். புரிகிறது, ஆனால் குறுகிவிடுகிறது. லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு மனவேதனை, உறவுக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ‘முழு வலி’ என்றார். சரி, ஆனால் பெயர்ப்பலகையில் ‘வலி நிவாரணம்’ என்று படிப்பவர் மாத்திரையைத்தானே நினைப்பார்?

என் ஓட்டு ‘தணிப்புப் பராமரிப்பு’க்கு. குறளும் நோய் ‘தணிக்கும்’ வாயை, அதாவது வழியைத்தான் நாடச் சொல்கிறது. தாகம் தணியும், கோபம் தணியும், காய்ச்சலும் தணியும். உடல், மனம் இரண்டுக்கும் ஒரே வினை. இந்தப் பராமரிப்பில் மருந்தோடு சேர்த்துச் சொல்லித்தரும் யோகா மூச்சுப்பயிற்சியையே பாருங்கள்: மூச்சை மெல்ல நீட்டி வெளியே விடும்போது இதயத்துடிப்பு குறைகிறது, தோள் இறுக்கம் தளர்கிறது, பதற்றமும் கூடவே இறங்குகிறது. இதை எப்படிப் ‘போர்த்துவது’ என்பீர்கள்? யோகா என்றதும் வளைந்து நெளிவது என்று பயப்பட வேண்டாம்; இங்கே பெரும்பாலும் படுத்தபடியே செய்யும் மூச்சுப்பயிற்சி, தசைத்தளர்வு, இசை கேட்டல்தான். மார்ஃபின் என்ற வலுவான வலிநீக்கி மருந்து தேவைப்படுபவருக்கு அதுவும் உண்டு. இந்தப் பயிற்சிகள் அதற்குத் துணை, மாற்று அல்ல.

இப்பயிற்சிகளை ‘மனம்-உடல் பயிற்சி’ என்று கோடு போட்டு ஒட்டுகிறோம். தொல்காப்பியத்துக்கு அந்தக் கோடே தேவைப்படவில்லை: உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவது மெய்ப்பாடு. அவற்றுள் ஒன்றான அழுகைக்கு அது காட்டும் நான்கு காரணங்களில் ஒன்று ‘இழவு’.

அப்புறம், நோயாளி போன பின்னும் குடும்பத்துக்கு இந்தப் பராமரிப்பு தொடர்கிறதே, அதை ஆங்கிலத்தில் பெரீவ்மென்ட் கேர் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மூலத்துக்குப் பறித்துக்கொள்ளுதல் என்று பொருள். இழந்தவர் பக்கம் நின்று சொன்னால் தமிழில் நேராக ‘இழவு’தான். ஆனால் பேச்சில் அது வசையாகிப்போனது. துக்கத்தில் இருப்பவரிடம் போய் ‘இழவுப் பராமரிப்பு’ என்று சொல்ல முடியுமா? எனவே ‘இழப்புத்துயர் ஆதரவு’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.