மெத்தனாலுக்குள் ஒளிந்திருக்கும் அரை கிராம்

சென்ற மாதம் ஒரு முதுகலை மாணவர் வெள்ளைப் பலகையில் ஒரு பாலிமரை வரைந்து காட்டினார். "டாக்டர், இதோட ஆற்றல் இடைவெளி 1.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கிடும்." வரைந்தது பிழையில்லை. "இந்தப் பிணைப்ப எப்படிப் போடப் போறீங்க தம்பி?" என்று கேட்டேன். "ஸ்டில்லே வினைதான் டாக்டர். எல்லாரும் அதானே செய்றாங்க?"

எல்லாரும் செய்வதுதான் என் கவலை.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக: ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலியில் எலக்ட்ரான்கள் ஓடும். இதைக் காட்டிய ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் நோபல் கிடைத்தது. அந்தச் சங்கிலியில் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் வளையத்தையும் இழுத்துக்கொள்ளும் வளையத்தையும் அடுத்தடுத்துக் கோத்தால், ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், சுருங்கும். பழைய பி3எச்டி பாலிமரில் அது ஏறக்குறைய 1.9. ஏற்கும் பக்கத்தில் டைகீட்டோபைரோலோபைரோலை வைத்தால் 1.3 வரை வரும். சிவப்பைத் தாண்டிய ஒளியையும் பிடிக்கலாம். சூரியத் தகடு, வளையும் டிரான்சிஸ்டர் எல்லாம் இந்தக் கோப்பிலிருந்துதான்.

கோப்பதற்கு ஊசி நூல் வேண்டுமே. பெரும்பாலான ஆய்வகங்களில் அது ஸ்டில்லே வினை: ஒரு வளையத்தில் புரோமின், மற்றதில் டிரைமெத்தில் டின் (வெள்ளீயத் தொகுதி), நடுவில் வினையூக்கியாகப் பலேடியம். ஒவ்வொரு பிணைப்பு விழும்போதும் ஒரு டிரைமெத்தில் டின் புரோமைடு கழன்று விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: திரும்ப வரும் அலகின் மூலக்கூறு நிறை 1,000 என்றால், அதில் இரண்டு பிணைப்பு. ஒரு கிராம் பாலிமர் செய்தால் ஏறக்குறைய அரை கிராம் டின் நஞ்சும் சேர்ந்தே பிறக்கும்.

அது எங்கே போகிறது? பாலிமரை மெத்தனாலில் ஊற்றுவோம். அது கருநீல இழையாகப் படியும், டின் மெத்தனாலிலேயே தங்கிவிடும். வடிகட்டிய திரவம் பார்க்க வெறும் மெத்தனால் மாதிரிதான் இருக்கும். மாணவியாக இருந்தபோது நானே அதைப் பொதுக் கழிவுக் கேனில் ஊற்றினேன். மூடி சரியாக மூடவில்லை. மதியத்துக்குள் பக்கத்து மேசைக்காரருக்குத் தலைவலி. 'ஏசி சரியில்லை' என்று சொல்லிக்கொண்டோம். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம்.

டிரைமெத்தில் டின் மூளையில் நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸைத் தாக்கும். மறதி, குழப்பம், வலிப்பு, காது கேளாமை. இவை சில நாள் கழித்துக்கூட வரலாம் என்பதுதான் கொடுமை. தோல் வழியாகவும் இறங்கும். மோனோமர் (கோக்கப்போகும் தனி அலகு) செய்ய நாம் எடுக்கும் டிரைமெத்தில் டின் குளோரைடு 38 டிகிரி வாக்கில் உருகும். திடமாக இருக்கும்போதே ஆவியாகும். உலகத்துக்கே கையுறை செய்யும் மலேசியாவில் இருந்துகொண்டு சொல்கிறேன்: மெல்லிய நைட்ரைல் கையுறை, பாலிமரைக் கரைக்க எடுக்கும் குளோரோஃபார்மைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

டிரைபியூட்டைல் டின்னுக்கு மாறலாமே என்பார்கள். எளிதில் ஆவியாகாது, உடனடி நஞ்சும் குறைவு. ஆனால் பினாங்கு நீரிணையை அன்றாடம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. கப்பலடியில் பூசியது அதைத்தான். பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்குக் கடலைக் கெடுத்ததால், அதைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

அதனால்தான் வழியையும் வரைபடத்திலேயே யோசிக்கச் சொல்கிறேன். நேரடி அரைலேற்றம் என்ற மாற்று வினையில் டின் தேவையில்லை. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பே போதும். சிக்கல் என்னவென்றால், வேண்டாத ஹைட்ரஜனும் வினையில் இறங்கிக் கிளை விடும். அந்த இடங்களை ஃபுளோரினாலோ பக்கச் சங்கிலியாலோ முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஃபுளோரின் இருந்தால் நமக்கு வேண்டிய ஹைட்ரஜனும் எளிதில் கழலும். ஐசாட்டின், ஆக்சிண்டோல் என்ற இரண்டு வளையங்களையும் அமிலத்தில் ஆல்டால் முறையில் இணைத்தால் உலோகமே வேண்டாம், வெளியேறுவது தண்ணீர். எல்லா வடிவத்துக்கும் இவை பொருந்தா. ஸ்டில்லேதான் ஒரே வழி என்று ஆகும் நாளும் வரும்.

அப்படி வந்தால் வடிநீரும், பாலிமரைக் கழுவும் சாக்ஸ்லெட் கருவியின் மெத்தனாலும் தனிப் போத்தலில், 'ஆர்கனோடின்' என்ற சீட்டோடு, பியூம் ஹூட்டுக்குள் (புகையை வெளியே உறிஞ்சும் பெட்டி). சுழல் ஆவியாக்கியின் பம்புப் புகையும் அங்கேதான் போக வேண்டும். மலேசியாவின் 2005 கழிவு விதிப்படி 180 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தேதி எழுதாத போத்தலை நான் கையெழுத்திட்டு வாங்குவதில்லை.

தம்பி மறுநாளே பலகையை அழித்துவிட்டார். தையோபீன் வளையத்தின் இரண்டு ஓரத்தில் ஃபுளோரின் போட்டிருந்தார். இடைவெளி 1.45 ஆகிவிட்டதாம், முகத்தில் கொஞ்சம் வருத்தம்.