எது நேர் என்று காருக்குச் சொல்ல வேண்டும்

மழைக்காலம் முடிந்த கையோடு, சாலைப் பள்ளம் ஒன்றில் என் காரின் முன்சக்கரம் இறங்கி, ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட் என்ற கம்பி வளைந்துவிட்டது. பட்டறையில் அதை மாற்றி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தார்கள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் ஓடியது. ஆனால் நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி மட்டும் இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்து நின்றது. “ஓட ஓடச் சரியாகிவிடும் சார்” என்றார் மெக்கானிக். அன்று மாலையே நெடுஞ்சாலையின் நீண்ட வலது வளைவு ஒன்றில், டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இடது முன்சக்கரத்தை யாரோ ஒரு நொடி பிடித்துவிட்டது போல ஓர் இழுப்பு. சாலை காய்ந்திருந்தது, வேகமும் அதிகமில்லை. வழுக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

வழுக்காத காரை வழுக்குவதாகக் கருதி, அதன் கணினியே பிரேக் பிடித்திருக்கிறது. ஏன் அப்படிச் செய்தது என்று புரிந்துகொண்டால், எந்தப் பழுதுபார்ப்புக்குப் பிறகு சென்சார்களின் பூஜ்யத்தை மறுபடி திருத்த வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

நிலைப்புக் கட்டுப்பாடு என்று நாம் சொல்லும் இந்த அமைப்பு 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. பாஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் சாண்டன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 1997-ல் ஸ்வீடனில், திடீரென எதிர்ப்படும் காட்டு மானை ஒதுங்கித் தப்புவது போன்ற ஒரு சோதனையில் மெர்சிடிஸின் சிறிய ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சிறிய கார் ஒவ்வொன்றிலும் இந்த அமைப்பை மெர்சிடிஸ் பொருத்தித் தந்தது. விலையுயர்ந்த கார்களின் ஆடம்பரமாக இருந்த ஒன்று சாதாரணக் கார்களுக்கு இறங்கி வந்ததில் அந்தக் கவிழ்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது செய்யும் வேலை ஒரு ஒப்பீடு. ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங் கோணமும் வேகமும் சொல்கின்றன. கார் உண்மையில் எங்கே போகிறது என்பதை, அது தன் செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் சுழற்சி சென்சாரும், பக்கவாட்டு விசையை அளக்கும் சென்சாரும் சொல்கின்றன. இரண்டும் பொருந்துகின்றனவா என்று கணினி நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கிறது. கேட்டதைவிடக் கார் குறைவாகத் திரும்பினால் வளைவின் உட்புறப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். கேட்டதைவிட அதிகமாகத் திரும்பினால், அதாவது பின்பகுதி வெளியே வழுக்கத் தொடங்கினால், வெளிப்புற முன்சக்கரத்தைப் பிடிக்கும்.

இனி என் காருக்கு வருவோம். டை ராட் நீளத்தை ஒரு பக்கம் மட்டும் கூட்டிக் குறைத்ததால், சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங் சுமார் 5 டிகிரி இடப்பக்கம் திரும்பியிருந்தது. கோண சென்சார் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. சக்கரத்தை அது பார்ப்பதில்லை. ஆகவே நேராகப் போகும்போதும் “ஓட்டுநர் இடப்பக்கம் திருப்புகிறார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வலது வளைவில் நான் 20 டிகிரி திருப்ப வேண்டிய இடத்தில் அது 15 என்று சொல்லும். கார் 20-க்கு உரியபடி திரும்பும். கேட்டதைவிட அதிகமாகத் திரும்புகிறது என்று கணினி முடிவு கட்டியது. வெளிப்புறமான இடது முன்சக்கரத்தைப் பிடித்தது.

5 டிகிரி ஒரு பொருட்டா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டீயரிங்கை 16 டிகிரி திருப்பினால் முன்சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரிக்குச் சக்கரத்தில் கிடைப்பது 0.3 டிகிரிதான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் இருந்தால், வெறும் வடிவியல் கணக்குப்படி அந்த 0.3 டிகிரிக்குக் கார் நொடிக்கு 2.5 டிகிரி திரும்ப வேண்டும். டயரின் நெகிழ்வால் இது பாதியளவுக்குக் குறைகிறது என்றே கொண்டாலும், 10 நொடியில் 12 டிகிரிக்கு மேல் வருகிறது. நேராக ஓடும் காரிடம் கணினி எதிர்பார்க்கும் இல்லாத திருப்பம் இது. வேகம் கூடினால் இந்தப் பிழையும் கூடும்.

ஒரு பக்க வளைவில் தேவையின்றிக் குறுக்கிடும் அமைப்பு, மறுபக்க வளைவில் உண்மையாகவே வழுக்கும்போது தாமதமாக விழித்துக்கொள்ளக்கூடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால் அது கோளாறைக் கண்டு ஒதுங்கிக்கொண்டது என்று பொருள். ஆனால் சிறிய பிழையில் விளக்கே எரியாமலும் போகலாம். விளக்கு எரியவில்லை என்பது எல்லாம் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

எண்ணெய்க் கடையில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுவார்கள். பாத்திரத்தை மாற்றினால் மறுபடியும் பூஜ்யமாக்க வேண்டும். சென்சாருக்கும் இதே விதிதான். ஆனால் எது பூஜ்யம் என்பதை ஒவ்வொரு சென்சாரும் வேறு வேறு விதமாக அறிகிறது. சுழற்சி சென்சாருக்குள் நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். கார் திரும்பும்போது அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். வெப்பத்தால் சென்சார் காட்டும் அளவு சிறிது நகரும். ஆனாலும் நிற்கும் கார் சுழல்வதில்லை என்பது உறுதி என்பதால், வண்டி நிற்கும்போதெல்லாம் கணினி அதைத் தானே சரிசெய்துகொள்ள முடிகிறது. ஸ்டீயரிங் கோணத்தையும், நேர்ச்சாலையில் சற்றுத் தூரம் ஓடினால், பல கார்கள் ஓரளவுக்குத் தாமே கற்றுக்கொள்ளும். மெக்கானிக் சொன்ன “ஓட ஓட” என்பதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அது முடியும்வரை காரை நம்புவதற்கில்லை.

பக்கவாட்டு விசை சென்சாருக்கு இந்த வசதி இல்லை. நிற்கும் கார் சரிவில் நின்றிருக்கலாம். 1 டிகிரி சாய்வு என்பது புவியீர்ப்பில் 1.75 சதவீதம், சென்சாருக்கு அது வளைவில் திரும்பும் விசையாகவே தெரியும். அதனால்தான் இந்தத் திருத்தத்தைச் சமதரையில், வண்டியை ஆட்டாமல், கதவைத் திறந்து மூடாமல் செய்யச் சொல்கிறார்கள். மழைநீர் வடிய ஓரம் சரித்துப் போட்ட சாலையில், காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை மாட்டித் திருத்துவது, கோணலான தராசைப் பூஜ்யமாக்குவதற்குச் சமம்.

இந்த சென்சார் பல கார்களில் இருக்கைகளுக்கு நடுவே, கியர் லீவர் பகுதியில் தரையோடு திருகப்பட்டிருக்கும். உட்புறத்தைச் சுத்தம் செய்யவோ ஒயரிங் வேலைக்கோ அதைக் கழற்றி மாட்டும்போது, தரைவிரிப்பின் மடிப்பு 2 மில்லிமீட்டர் அடியில் சிக்கினால் போதும். 6 சென்டிமீட்டர் அகலப் பெட்டி ஏறத்தாழ 2 டிகிரி சாய்ந்துவிடும். பிரேக்கையே தொடாத ஒரு வேலை பிரேக் பிடிக்கும் அமைப்பைக் கெடுப்பது இப்படித்தான்.

ஆகவே ஒரு வேலை முடிந்ததும் கேட்க வேண்டியது இதுதான்: ஸ்டீயரிங், சக்கரம், வண்டியின் உடல், சென்சார் ஆகியவற்றுக்கு இடையே இருந்த உறவில் ஏதாவது மாறியதா? டை ராட், ஸ்டீயரிங் ரேக், ஸ்டீயரிங் தண்டு மாற்றினால் மாறியிருக்கும். காற்றுப்பைக்காக ஸ்டீயரிங்கைக் கழற்றினாலும், அதன் அடியில், ஸ்டீயரிங் திரும்பும்போதும் காற்றுப்பைக்கு மின்தொடர்பு தரும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருளை மாற்றினாலும் அப்படியே. பல கார்களில் கோண சென்சார் அதோடு சேர்ந்தே வருகிறது. முன்சக்கரக் கோணங்களைத் தொட்ட எந்த அலைன்மென்ட்டுக்குப் பிறகும் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உயரம் மாறினாலும், விபத்துக்குப் பின் உடலை இழுத்து நேராக்கினாலும், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றினாலும் திருத்தம் தேவை. மின் பவர் ஸ்டீயரிங் என்றால், கை விசையை அளக்கும் சென்சாருக்கும் தனிப் பூஜ்யம் உண்டு. அதைச் செய்யும்போது ஸ்டீயரிங்கில் கையே படக்கூடாது.

பிரேக் பேட் மாற்றவும், ஆயில் மாற்றவும் இது எதுவும் வேண்டாம். சக்கர வேக சென்சாரை மாற்றினாலும் பொதுவாக வேண்டாம். அது சுற்றுகளை எண்ணுவது மட்டுமே. பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் விளக்கு எரியும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் அந்தக் காரின் பணிமனைக் கையேடு சொல்வதே முடிவு.

வரிசையும் முக்கியம். முதலில் டயர்களில் சரியான காற்று, பிறகு பின்சக்கரக் கோணம், பிறகு ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டி முன்சக்கரங்கள், கடைசியில்தான் ஸ்கேனர். பின்சக்கரங்கள் கோணலாக இருந்தால் கார் நண்டு போல ஒருக்களித்து ஓடும். ஸ்டீயரிங் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்வையே பூஜ்யம் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் விளக்கு அணையும், கோணல் அப்படியே இருக்கும். இப்படி எத்தனை வண்டிகள் சாலையில் ஓடுகின்றனவோ என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

மறுநாள் என் காரை வேறொரு பட்டறையில் விட்டேன். கோணத்தைப் பார்க்க மட்டும் முதலில் ஸ்கேனரை மாட்டினார்கள். வண்டியைத் தள்ளி சக்கரங்களை நேராக்கியதும் ஸ்டீயரிங் கோணம் 5.4 என்று காட்டியது. “இதை இப்படியே பூஜ்யமாக்கிவிடலாமே?” என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் தலையை அசைத்துவிட்டு இரண்டு டை ராடுகளின் நட்டுகளையும் தளர்த்தினார். ஒரு பக்கம் எவ்வளவு திருகினாரோ அவ்வளவு மறுபக்கம் எதிர்த்திசையில் திருகினார். அரைமணி நேரத்தில் திரையில் 0.2 வந்தது. அதன்பிறகே பூஜ்யமாக்கும் கட்டளையைக் கொடுத்தார். மாலையில் அதே வலது வளைவை அதே வேகத்தில் கடந்தேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை, ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பி வளைவு முடிந்ததும் கிடைமட்டத்துக்குத் திரும்பி நின்றது.