ஆக்சிஜனேற்றியா, ஆக்சிஜனேற்றத் தடுப்பியா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடையில் மாப்பிள்ளைச் சம்பா அரிசிப் பொட்டலத்தின் மேல் 'ஆக்ஸிஜனேற்றிகள் நிறைந்தது, மாரடைப்பைத் தடுக்கும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆன்டிஆக்சிடன்ட் என்பதற்குத்தான் இந்தச் சொல். வாட்ஸ்அப்பில் வரும் உணவுக் குறிப்புகளிலும் இதே கூத்துதான். பொருள் அப்படியே தலைகீழ்.

ஆக்சிஜனேற்றி என்றால் ஆக்சிஜனை ஏற்றுவது. பள்ளிக்கூட வேதியியலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அப்படித்தான் படித்தோம். அது நிறைந்த அரிசியை யார் சாப்பிடுவது? ஆன்டி என்றால் எதிர், ஆக்சிடன்ட் என்றால் ஆக்சிஜனேற்றி. ஆக்சிஜன் என்ற பெயர் கிரேக்க வேர்களைக் கொண்டு பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கட்டியது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

ஆன்டிஆக்சிடன்டின் வேலையை நம் அடுப்படியிலேயே பார்க்கலாம். நெல் அறுத்த வயலில் கோடையில் விளையும் எள்ளை ஆட்டினால் வரும் நல்லெண்ணெய் சீக்கிரத்தில் சிக்கு வாடை அடிக்காது. எள்ளில் உள்ள செசமால் போன்றவை எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன.

'எதிர் ஆக்சிஜனேற்றி' என்று எழுதுவோர் உண்டு. பொருளில் பிழையில்லை. ஆனால் தமிழில் வேலையைச் சொல்லும் சொல் கடைசியில் வரும்: களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி. 'எதிர்' முன்னால் நின்றால் அவசரத்தில் உதிர்ந்துவிடுகிறது, மிஞ்சுவது நேர்மாறான பொருள். 'நச்சுமுறிப்பான்' அதைவிட மோசம். பாம்புக்கடி மருந்து போல ஒலிக்கிறது, எதை முறிக்கிறது என்று சொல்வதே இல்லை. தனித்தமிழ் அன்பர்களின் 'உயிர்வளியேற்றத் தடுப்பி' நல்ல சொல்தான். பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன் என்றே படித்தவருக்கு அதையும் விளக்க வேண்டிவரும். அதனால் நான் ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்றே எழுதுகிறேன்.

எதைத் தடுக்கிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாரடைப்பை அல்ல. இரத்தக்குழாய்ச் சுவரில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைவதற்கு அடைப்பு வளர்வதில் பங்குண்டு, அதனால்தான் இந்தத் தடுப்பிகளின் மேல் அவ்வளவு நம்பிக்கை எழுந்தது. சரி, கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளிவந்த ஹோப் (HOPE) என்ற இதயநோய் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோரில் பாதிப்பேருக்கு, ஆக்சிஜனேற்றத் தடுப்பியான வைட்டமின் ஈ தினமும் 400 அலகு, சுமார் நாலரை ஆண்டுகள். மாரடைப்பு குறையவில்லை. காய், கீரை, பழம், தவிடு நீக்காத அரிசி எல்லாம் இதயத்துக்கு நல்லவைதான், அந்த நன்மையை இந்த ஒரு பொருளின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

கம்ப்யூட்டர் துப்பியதை ஒரு முறைகூடப் படிக்காமல் அச்சுக்கு அனுப்புவதுதான் இன்று மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. பிளஸ் டூவில் வேதியியல் படிக்கும் எந்தப் பிள்ளையிடம் காட்டியிருந்தாலும் அந்தப் பொட்டலத்தைத் திருத்திக் கொடுத்திருக்கும்.