குழந்தைக்குக் காது கேட்கிறதா? ஆறு வயதுக்குள் கைக்கு வரவேண்டிய அரசு உதவிகள்

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சொல்லாத வீடு குறைவு. நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள், அப்படியே இரண்டரை வயது ஓடிவிடும். பேச்சு வராத குழந்தைக்கு நாக்கைப் பார்க்கிறோமே தவிர, காதைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் காது கேளாத குழந்தைக்கு அரசு தரும் மிகப் பெரிய உதவிக்கு வயது வரம்பு உண்டு.

அந்த உதவி, உட்காதில் கேட்க உதவும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். வெளியே செய்தால் கருவிக்கே பல லட்சம் ஆகும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் அட்டை பதிந்து தருவார்கள். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். பெயர் சேர்க்காமல் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அந்த வேலையை முடித்துவிடலாம்.

சரி, குறை இருப்பதை முதலில் யார் கண்டுபிடிப்பது? 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். பிறவிச் செவிட்டுத்தன்மை அந்தப் பட்டியலில் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்து கேட்கலாம், நேராக அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கே போகலாம்.

அங்கே முதலில் ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை செய்வார்கள். காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலி கிடையாது. பிறந்த ஓரிரு நாளில் செய்தால் காதில் தங்கிய நீர், பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு காரணமாகத் தப்பாகக்கூட வரலாம். அதனால் ‘ஃபெயில்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், ஆனால் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். நழுவிப் போகிற குழந்தைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நழுவுகின்றன. அடுத்தது பெரா. குழந்தை தூங்கும்போது தலையில் ஒட்டும் மின்முனைகள் வழியே, ஒலி மூளை வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் மருத்துவர்கள் வைக்கும் கணக்கு.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். காது கேளாத குழந்தையும் அதிர்வை உணர்ந்தோ, நிழல் அசைவதைப் பார்த்தோ திரும்பும். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும், ஒரு வயதில் பெயர் சொன்னால் தெரிய வேண்டும். சொந்தத்தில் கல்யாணம், குறைப்பிரசவம், பிறந்ததும் அழாமை, கடுமையான மஞ்சள் காமாலை, கர்ப்பத்தில் ரூபெல்லா என்று ஏதாவது இருந்தால், குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் பரிசோதனை செய்துவிடுவதுதான் சரி. (குளிப்பாட்டிய பிறகு காதில் ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் இதே சாக்கில் நிறுத்திவிடலாம்.)

குறை உறுதியானதும் நேராக அறுவை சிகிச்சை இல்லை. முதலில் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் போட்டுச் சில மாதம் பயிற்சி கொடுத்தும் பலன் இல்லாத, நரம்புக் குறை கடுமையாக உள்ள குழந்தைக்குத்தான் காக்ளியர். ஸ்கேன், தடுப்பூசி, காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி எல்லாம் முடிந்துதான் ஆபரேஷன். அதனால் ஐந்தே முக்கால் வயதில் முதல் பரிசோதனைக்கு வந்தால் நாள் போதாது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் காக்ளியர் உண்டு, மும்பை அலி யாவர் ஜங் நிறுவனம் அதைக் கவனிக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அங்கே வரம்பு ஐந்து வயது.

ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை பேசிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. சில வாரம் கழித்து வெளிக்கருவியை மாட்டி ‘ஸ்விட்ச் ஆன்’ செய்யும் நாளில் பல குழந்தைகள் மிரண்டு அழும். கேட்கும் வயது அன்றைக்குத்தான் பூஜ்யத்தில் தொடங்குகிறது. அப்புறம் கருவியைக் குழந்தைக்கு ஏற்றபடி சரிசெய்யும் மேப்பிங், வாரா வாரம் பேச்சுப் பயிற்சி. பயிற்சியும் திட்டத்தில் சேர்த்தியே. ஆனால் பேருந்துச் செலவையும் அம்மாவின் கூலி இழப்பையும் எந்த அட்டையும் ஈடுகட்டாது. இடையில் நின்றுபோகும் குடும்பங்களைக் குறை சொல்வதற்கு முன் அதையும் பார்க்க வேண்டும். வெளிக்கருவியின் கேபிள், காயில், பேட்டரி செலவு பிறகும் தொடரும், ஆகவே வாரன்டி எத்தனை ஆண்டு என்பதை ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் உரிமைகள் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதிலும் 60 டெசிபல் அளவுக்குக் குறை இருந்தால் சான்றிதழும் தனி அடையாள அட்டையும் பெறலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறை இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை கல்வி இலவசம். வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியா, செவித்திறன் குறையுடையோருக்கான சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம்.