வாய் கோணினால் முதலில் நெற்றியைப் பாருங்கள்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு கடைவாய் வழியாகத் தானாக ஒழுகுகிறது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் ஒரு பாதி தொங்கிக் கிடக்கிறது, அந்தப் பக்கத்துக் கண் மூட மாட்டேன் என்கிறது. முகவாதம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். முந்தின நாள்தான் மாட்டுத்தாவணியில் வந்து இறங்கியவர் என்றால் வீட்டில் காரணமும் தயாராக இருக்கும்: "ராத்திரி பூரா பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து வந்தீகள்ல, காத்துப் பட்டிருச்சு."

காற்றின் மேல் பழி போட்டுப் பயனில்லை. கோளாறு காதுக்குப் பின்னால், எலும்புக்குள் இருக்கிறது.

முகத்தசைகளை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு, பக்கத்துக்கு ஒன்று. காதை ஒட்டிய எலும்பில் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த குழாய்க்குள் நுழைந்து, காதுக்குக் கீழே வெளியே வந்து கிளை பிரிகிறது. குழாயின் மிகக் குறுகலான இடத்தில் அகலம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே நரம்பு வீங்கினால் விலகிக்கொள்ள இடமேது? எலும்பு நெரிக்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, தசைக்குப் போகவேண்டிய கட்டளை பாதியில் நின்றுவிடுகிறது. உதட்டோரம் கொப்புளம் போடவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் நரம்பில் பல வருடம் பதுங்கியிருந்து மறுபடி தலைதூக்குவதுதான் வீக்கத்துக்குக் காரணம் என்பது பலமான சந்தேகம். சர்க்கரை நோயாளிகளுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

நாக்கின் முன்பகுதிச் சுவையும், காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசைக்கான கட்டளையும் இதே நரம்பில்தான் போகின்றன. அதனால் சிலருக்குச் சாப்பாடு சப்பென்றிருக்கும், தெருமுனை மைக்செட் காதைப் பிளக்கும்.

சரி, இது பக்கவாதம் இல்லை என்று எப்படித் தெரியும்? புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். முகவாதத்தில் நரம்பே முடங்குவதால் நெற்றியும் வழவழவென்று நிற்கும். இது ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு டாக்டருடையது. நெற்றி சுருங்கினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

முகவாதத்துக்கு மருந்து ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். ஸ்காட்லாந்தில் சுமார் 500 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுக்கத் தேறினார்கள், சாப்பிடாதவர்களில் 82. அதாவது மருந்தில்லாமலே பலருக்குச் சரியாகிவிடும். பத்திய எண்ணெய் வைத்தியத்துக்குப் பேர் கிடைப்பது இந்தக் கணக்கில்தான். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: இது பத்து நாள் மாத்திரைதான். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காதில் கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலை, அதற்கு வைரஸ் மருந்தும் சேரும்.

பலர் கோட்டைவிடுவது கண்ணில். இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். முகம் நேரானாலும் அந்தத் தழும்பு பார்வையை மறைக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் மூக்குக்கண்ணாடியும், இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப்பும் போதும். விளக்கெண்ணெய் வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கரண்ட் வைப்பதால் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் பயிற்சி நல்லது, முக்கி முக்கிச் செய்யக்கூடாது. மீண்டும் வளரும் நரம்பிழைகள் சிலருக்குத் தடம் மாறி வேறு தசையில் போய்ச் சேர்வதுண்டு. அப்போது சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண்ணீர் வரும். அதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியை அளவாகப் போடுகிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.