எந்த அறையில் புகை என்று பனலுக்கு எப்படித் தெரியும்?

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் ஃபயர் அலாரம் பனலில் 'இரண்டாம் மாடி, அறை 207' என்றே எழுத்து வருகிறது. கூரைக்குள் ஓடுவதோ இரண்டே வயர். எப்படி?"

பழைய முறையில் மாடிக்கு ஒரு சுற்று. மணி அடித்தால் மாடி தெரியும், அறை தெரியாது. புதிய முறையில் ஒவ்வொரு டிடெக்டருக்கும், அதாவது கூரையில் புகையை உணரும் கருவிக்கும், ஒரு விலாசம், அதாவது ஓர் இலக்கம் உண்டு. சில வகைகளில் அதை ஏழு குட்டிச் சுவிச்சுகளால் குறிப்பார்கள். அவற்றின் பெறுமதி 1, 2, 4, 8, 16, 32, 64. பள்ளியில் படித்த துவித எண்தான். திருகோணமலைக்காரர் மறக்காத 91ஐ எடுப்போம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கியின் இலக்கம் அது. 64, 16, 8, 2, 1 ஐந்தையும் கூட்டினால் 91. ஏழும் சேர்ந்தால் 127, அதற்கு மேல் அந்த லூப்பில், அதாவது டிடெக்டர்களை இணைக்கும் வயர்ச் சுற்றில், இடமில்லை.

சரி, அந்த இரண்டு வயரில் நடக்கும் பேச்சுக்கு வருவோம். டிடெக்டர்களுக்கான 24 வோல்ட் அளவு மின்சாரமும் அதில்தான் போகிறது, செய்தியும் அதில்தான். பனல் மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றி இறக்கி "91" என்று கூப்பிடும். லூப்பில் எல்லாருக்கும் கேட்கும், 91 மட்டும் பதில் சொல்லும். அதுவும் அழுத்தத்தால் அல்ல, மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து! கேள்வி அழுத்தத்தில், பதில் ஓட்டத்தில். அதனால் ஒரே வயரில் இரண்டும் குழம்புவதில்லை. வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதலில் இருந்து, இரவு பகலாக. இதை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வரும் பதிலில் ஓர் அளவும் இருக்கும். டிடெக்டருக்குள் அகச்சிவப்பு ஒளி எரிகிறது. புகை நுழைந்தால் அது சிதறி உணரியில் விழும். பரவலான ஒரு முறையில் சுத்தமான காற்றுக்கு 25, தீ என்றால் 55. முடிவெடுப்பது பனல். தூசு மாதக்கணக்கில் ஏறும், புகை சடுதியில் ஏறும்; அந்த வித்தியாசத்தை அது கவனிக்கும். ஆனாலும் பூச்சி புகுந்தால், குளியலறை நீராவி பட்டால் பொய் அலாரம் வரத்தான் செய்யும். அதற்காகப் பனலுக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். டிடெக்டரைத் துப்புரவாக்குங்கள்.

வயர் பனலில் தொடங்கிப் பனலிலேயே முடியும். நடுவில் ஓரிடத்தில் எலி கடித்து அறுத்தாலும் இரு பக்கமிருந்தும் பேச்சுத் தொடரும்.

எல்லாம் பூட்டியதும் பனல் தானாகவே லூப்பைத் தேடி, எந்த இலக்கத்தில் என்ன கருவி என்று அறிந்துகொள்ளும். இரண்டுக்கு ஒரே இலக்கம் விழுந்திருந்தால் பழுது காட்டும். ஆனால் 91 இருப்பது அறை 207இலா, களஞ்சியத்திலா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பெயரை மனிதர்தான் எழுத வேண்டும். பெரிய பனலுக்குப் பணம் கொடுத்துவிட்டு இந்த வேலையைச் சுருக்கப் பார்ப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத விஷயம். ஒருவர் ஒவ்வொரு டிடெக்டரின் கீழும் நின்று சோதனைப் புகை அடிக்க, மற்றவர் பனலில் வரும் பெயரைப் போனில் வாசிக்க வேண்டும். 207இல் அடிக்கும்போது "களஞ்சியம்" என்று வந்தால், அந்த வரியைத் திருத்தி, திரும்பவும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் 208க்குப் போக வேண்டும்.