ஸ்டியரிங் ஆட்டத்துக்குக் கையுறை மருந்தல்ல

போன வாரம் பட்டறைக்கு வந்தது, ஸ்டியரிங் ஆட்டத்தோடு இந்த வருஷம் வந்த மூன்றாவது பழைய வண்டி. மெர்சிடிஸ் டபிள்யூ 123. பெயின்ட், குரோம் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஓட்டி வந்தவர் கையில் புத்தம்புதுத் தோல் கையுறை. "ஸ்டியரிங் கொஞ்சம் லூஸா இருக்கும் சார், பழைய வண்டிதானே. பிடிமானத்துக்கு இதை வாங்கினேன்" என்றார். பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ் தேய்ந்துபோய், கையால் அசைத்தாலே ஆர்ம் ஆடியது. அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு மகாபலிபுரம் போய் வந்திருக்கிறார்.

பழைய வண்டி என்றால் ஸ்டியரிங் அப்படித்தான் ஆடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. டபிள்யூ 123 வெளிவந்தது 1976-ல். ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் நாள் முழுக்க வேகமாகப் போவதற்குக் கட்டிய கார் அது. அதில் இருப்பது உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் ஸ்டியரிங் பாக்ஸ். பல்சக்கரம் நேராகப் பல் தண்டை நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் போல நறுக்கென்று திரும்பாது, நிதானமாகத் திரும்பும். அந்த நிதானம் வேறு, ஆட்டம் வேறு. 1965-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோவின் ஸ்டியரிங் ஒரு விரலால் சுற்றுகிற அளவு லேசு. 1977-ல் ஷாடோ II வந்தபோதுதான் ரேக் அண்ட் பினியனுக்கு மாறினார்கள். ஆனால் அந்தப் பழைய லேசான ஸ்டியரிங்கிலும் கை திருப்பினால் டயர் திரும்பும். கை திரும்பியும் டயர் அசையவில்லை என்றால் அது வண்டியின் குணமில்லை, தேய்மானம். கையுறை போட்டால் அந்த ஆட்டம் கைக்குத் தெரிவது குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்பது. தயவுசெய்து வேண்டாம். பாக்ஸ் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடு இடத்தில். அங்கே இருக்கும் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது. முதலில் பார்க்க வேண்டியது டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு), ஐட்லர் புஷ், ஸ்டியரிங் தண்டை பாக்ஸோடு சேர்க்கும் கப்ளிங், டயர் காற்று, சக்கரங்களின் அலைன்மென்ட். பாக்ஸ் கடைசி.

கையுறைக்கு நான் எதிரி இல்லை. ஜாகுவார் இ-டைப் போன்ற கார்களின் வார்னிஷ் அடித்த மர வீலில் வியர்த்த கை வழுக்கும். வியர்வை வார்னிஷையும் கெடுக்கும். அதற்கு மெல்லிய, உள்துணி இல்லாத, விரல் மூட்டில் ஓட்டை விட்ட தோல் கையுறை நல்லது. சாலையின் அதிர்வு அதன் வழியாகவும் கைக்கு வரும். விரல் நுனியில் தொளதொளவென்று இருந்தால் போடாதீர்கள். கம்பளி, பைக் கையுறை கூடவே கூடாது. சென்னை வெயிலில் நனைந்த தோலை நிழலில் காயவையுங்கள், இல்லையென்றால் விறைத்துவிடும்.

மெல்லிய பழைய வீல் மேல் ரெக்ஸின் கவர் மாட்டுபவர்களுக்கும் சொல்கிறேன், கழற்றிவிடுங்கள். அவசரத்தில் சட்டென்று திருப்பும்போது கவர் மட்டும் சுற்றும், வீல் நிற்கும். டேஷ்போர்டு பாலிஷையும் வீலில் தடவாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நேராக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஓடவிடுங்கள். கண்ணாடியை இறக்கி, வெளியே நின்றபடி வீலை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். டயர் அசைவதற்குள் வீலின் விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் நேரே மெக்கானிக்கிடம் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

மோதினால் உள்வாங்கும் ஸ்டியரிங் தண்டை (ஸ்டியரிங் காலம்) ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான கார்களில் உங்கள் நெஞ்சுக்கு நேரே இருப்பது மடங்காத இரும்புத் தண்டு. அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள், ஆட்டத்தைச் சரிசெய்யும்வரை ஈசிஆர் பக்கம் எடுத்துப் போகாதீர்கள்.